மிரர் போட்ட சர்வர், படிக்க முடியாத சூப்பர்பிளாக்: எஃப்எஸ்சிகே இப்போதே ஓட்டலாமா?

ஜூலை 4, வியாழன், இரவு 9:50

பல்லடம் பக்கம் ஒரு சிறிய நூல் மில்லில் கம்ப்யூட்டர் வேலை முழுவதும் என் பொறுப்பு. இன்று மாலை நாலு மணி வாக்கில் காற்றுக்குக் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. யுபிஎஸ் பிடிக்கவில்லை. சர்வர் அணைந்து தானாகவே எழுந்தது, ஆனால் டேட்டா இருக்கும் பகுதி மவுண்ட் ஆகவில்லை, அதாவது திறக்கவில்லை. திரும்பத் திரும்ப ஒரே செய்திதான் வருகிறது: இஎக்ஸ்டி4, சூப்பர்பிளாக்கைப் படிக்க முடியவில்லை. (இஎக்ஸ்டி4 என்பது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமை, சூப்பர்பிளாக் அதன் அடிப்படை விவரம் எழுதியிருக்கும் இடம்.)

2 டிபி டிஸ்க் இரண்டு, லினக்ஸின் சொந்த ரெய்டில் மிரராகப் போட்டது, அதாவது ஒன்றில் எழுதுவதே மற்றதிலும் எழுதப்படும். ஆபரேட்டிங் சிஸ்டம் தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டியில் இருக்கிறது, அதற்கு ஒன்றும் இல்லை. சம்பளக் கணக்கு, வருகைப் பதிவு, பஞ்சு பேல் ஸ்டாக், நூல் டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் அந்த மிரரில்தான். வெளியே எடுத்து வைத்த பேக்கப் என்றால் ஆடிட்டருக்காக ஏப்ரல் கடைசியில் பென் டிரைவில் எடுத்தது மட்டும், அதிலும் கணக்குப் புத்தகம்தான் இருக்கிறது, வருகைப் பதிவு இல்லை.

கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகேயை எல்லாக் கேள்விக்கும் 'ஒய்' என்று சொல்லும்படி ஓட்டிவிடலாமா? முன்பு வேறொரு இடத்தில் அப்படி ஓட்டிச் சரியானது. இந்த முறை கை வரவில்லை. 7-ம் தேதிக்குள் 140 பேருக்குச் சம்பளம் போட வேண்டும். முதலாளி இரண்டு தடவை வந்து கதவருகே நின்றுவிட்டுப் போனார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

ஜூலை 4, இரவு 11:35

பதில் எழுதியவர்களில் இரண்டு பேர் "ஓட்டு" என்கிறீர்கள், ஒருவர் "தொடாதே" என்கிறார். தொடாதே என்றவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

கெர்னல் (லினக்ஸின் உட்கரு) பதிவைப் பார்த்தால் சூப்பர்பிளாக்கில் தப்பான எழுத்து இருக்கிறது என்று சொல்லவில்லை, அந்த இடத்தை டிஸ்க்கே படித்துக் கொடுக்கவில்லை. இரண்டும் வேறு வேறு நோய். முதலாவது என்றால் கோப்பு முறைமை கெட்டிருக்கிறது, டிஸ்க் நலம். இரண்டாவது என்றால் டிஸ்க்கே படுத்துக்கொண்டிருக்கிறது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலை எடுத்தேன். 197-வது வரி, அதாவது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர் (512 பைட் துண்டு) எண்ணிக்கை, 24. ஓடிய நேரம் 41,000 மணிக்கு மேல், கிட்டத்தட்ட நாலே முக்கால் வருடம் நிற்காமல் ஓடியிருக்கிறது.

எஃப்எஸ்சிகே படிப்பதோடு நிற்காது, எழுதும். படிக்க முடியாத இடத்தை வெறும் இடம் என்று நினைத்துக்கொண்டு அதற்கேற்ப மற்ற இடங்களையும் திருத்தும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அந்தத் திருத்தத்தை நடத்தினால் நாளைக்குத் திரும்பிப் போக வழியில்லை. இன்று படுக்கிறேன். காலையில் கேபிளை எல்லாம் கழற்றி மாட்டிப் பார்க்கிறேன்.

ஜூலை 5, வெள்ளி, காலை 6:15

வந்துவிட்டது! கேபிள் எல்லாம் கழற்றி மாட்டினேன். கெட்ட டிஸ்க்கை (இனி முதல் டிஸ்க் என்கிறேன்) வெளியே எடுத்து வைத்துவிட்டு இரண்டாவது டிஸ்க்கை மட்டும் விட்டு பூட் செய்தேன். மவுண்ட் ஆகிவிட்டது, ஃபோல்டர் எல்லாம் தெரிகிறது. மிரர் எதற்காகப் போட்டோமோ அந்த வேலையைச் செய்துவிட்டது. டீ குடித்துவிட்டு வந்து விவரமாக எழுதுகிறேன்.

ஜூலை 5, காலை 7:40

மேலே எழுதியதை யாரும் நம்ப வேண்டாம். டைம் ஆபீஸ் அக்கா முதல் ஷிப்ட் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தவர் ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டார். "ஏனுங் தம்பி, இதுல மார்ச்சு பன்னெண்டுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லீங்களே."

உண்மைதான். ஏப்ரல் இல்லை, மே இல்லை, ஜூன் இல்லை. மார்ச் 12 சாயங்காலத்தோடு உலகம் நின்றுவிட்டது. சர்வரை உடனே அணைத்துவிட்டேன். எல்லோரையும் பழையபடி பேப்பரில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 5, மதியம் 12:30

இப்போது நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் இது என் மில்லுக்கு மட்டும் நடக்கும் விஷயம் இல்லை.

இரண்டாவது டிஸ்க் மார்ச் 12 அன்றே மிரரிலிருந்து கழன்றிருக்கிறது. அன்றிலிருந்து நேற்று வரை முதல் டிஸ்க் ஒற்றை ஆளாக ஓடியிருக்கிறது. நாங்கள் மிரர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த நாலு மாதமும் மிரர் இல்லை. இன்று காலை கேபிளைக் கழற்றி மாட்டியதில் இரண்டாவது டிஸ்க் மறுபடி கண்ணில் பட்டது. முதல் டிஸ்க் பக்கத்தில் இல்லாததால் ரெய்டு அதை நம்பி, நாலு மாதம் பழைய தகவலை அப்படியே எடுத்து நீட்டியது.

மிரரில் எது புதியது, எது பழையது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு டிஸ்க்கின் தலைமாட்டிலும் ரெய்டு ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கட்டளையில் எக்ஸாமின் கொடுத்தால் காட்டும். அதில் 'ஈவன்ட்ஸ்' என்று ஓர் எண் உண்டு. மிரரின் நிலை மாற மாற அது ஏறிக்கொண்டே போகும். முதல் டிஸ்க்கை வேறு ஒரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன்: 1,84,223. இரண்டாவது: 1,51,096. ஏறாமல் நின்ற டிஸ்க்தான் பழையது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அதே குறிப்பில் 'கடைசியாகப் புதுப்பித்த நேரம்' என்றும் ஒரு வரி வரும். முதல் டிஸ்க்கில் ஜூலை 4, மாலை 4:12. இரண்டாவதில் ஜூலை 5, காலை 6:02. நான் பூட் செய்ததே அந்த நேரத்தை எழுதிவிட்டது! நேரத்தை மட்டும் பார்க்கிறவர் பழைய டிஸ்க்கைப் புதியது என்றுதான் சொல்வார். இரண்டையும் சேர்த்து மாட்டி, பழையதை மூலமாக வைத்து மிரரைக் கட்டாயமாக மறுபடி கட்டியிருந்தால் நாலு மாதக் கணக்கு அடியோடு அழிந்திருக்கும். காலையில் டீக்குப் போகாமல் அந்த உற்சாகத்திலேயே இருந்திருந்தால் அதைச் செய்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

ஆகவே மிரர் டிஸ்க் எதையும் பூட் செய்வதற்கு முன்னால் இரண்டு டிஸ்க்கின் ஈவன்ட்ஸ் எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் பூட் செய்த பிறகு எழுதினேன்.

ஜூலை 5, இரவு 10:20

திருப்பூர் போய் 4 டிபி டிஸ்க் ஒன்று வாங்கி வந்தேன். போக வர முப்பது கிலோமீட்டர்தான், காற்றில் வண்டி ஓட்டியதுதான் சிரமம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்று உடுமலைக்காரர்களுக்கும் எங்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டோரம் காற்றாலை எல்லாம் நிற்காமல் சுற்றுகிறது.

ஏன் 4 டிபி என்று கேட்டவருக்கு: முதல் டிஸ்க்கை முழுவதுமாக ஒரு படக்கோப்பாக (டிஸ்க்கின் ஒவ்வொரு பைட்டும் அப்படியே இருக்கும் ஒரே கோப்பு) எடுத்து, அதற்கு ஒரு நகலும் எடுத்து, நகலில் சோதனை செய்யலாம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு இரண்டு நாலு. வந்து பார்த்தால் நுழையாது! 2 டிபி டிஸ்க்கின் பைட் கணக்கு காற்புள்ளி குழம்பும் அளவுக்கு நீளமான எண், அதனால் காற்புள்ளி இல்லாமல் எழுதுகிறேன்: 2000398934016. அதை இரண்டால் பெருக்கினால் 4000797868032. நாலு டிபி டிஸ்க்கோ 4000787030016. ஒரு கோடியே எட்டு லட்சம் பைட் குறைகிறது, அதாவது பத்துச் சொச்சம் எம்பி. ஃபார்மேட் செய்வதற்கு முன்பே இவ்வளவு குறைவு.

பரவாயில்லை, ஒரு நகலே போதும், மேலே ஓவர்லே போடலாம் என்று ஒருவர் வழி சொல்லியிருக்கிறார். அதை நாளைக்குப் பார்ப்போம்.

இப்போது கெட்ட டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்கும் டிடிரெஸ்க்யூ ஓடுகிறது. சாதாரண நகல் கட்டளையான டிடி வேண்டாம். அது கெட்ட இடத்தில் நின்றுவிடும், அல்லது அங்கேயே முட்டிக்கொண்டு கிடந்து டிஸ்க்கைச் சாகடிக்கும். டிடிரெஸ்க்யூ நல்ல இடங்களை முதலில் வாரிக்கொண்டு வந்துவிட்டுக் கெட்ட இடங்களுக்குக் கடைசியாகப் போகும். எது முடிந்தது, எது பாக்கி என்று ஒரு மேப் கோப்பில் எழுதி வைப்பதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதைச் சீரியல் நம்பரோடு ஒப்பிட்டு மூன்று தடவை படித்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன். இரண்டு பெயரையும் மாற்றிப் போட்டால் வெற்று டிஸ்க்கை எடுத்துக் கணக்கின் மேல் பூசிவிடும்.

ஜூலை 6, சனி, அதிகாலை 4:50

தூங்கவில்லை. முதல் டிஸ்க் 54 டிகிரிக்குப் போனதும் நிறுத்தி, டிஸ்க்கைக் கேபினெட்டுக்கு வெளியே ஒரு மரப்பலகை மேல் வைத்து, டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைத்தேன். 39-க்கு இறங்கிவிட்டது. மேப் கோப்பு இருந்ததால் மறுபடி தொடங்கவும் கஷ்டமில்லை.

முதல் சுற்று முடிந்தது. கெட்ட இடங்களைச் சுரண்டும் சுற்று ஓடுகிறது.

ஜூலை 6, காலை 7:05

முடிந்தது. இரண்டு லட்சம் கோடி பைட்டில் படிக்க முடியாமல் போனது 12,288 பைட். நாலாயிரத்துச் சொச்சம் பைட் கொண்ட மூன்று கட்டங்கள். ஸ்மார்ட்டில் சொன்ன 24-ம் இதுவும் ஒன்றுதான், 24 தடவை 512.

மூன்றே மூன்று கட்டம். அதில் ஒன்று சூப்பர்பிளாக் இருந்த கட்டம், அது போனதால்தான் மொத்த டேட்டாவும் இல்லாதது போல் தெரிந்திருக்கிறது. மற்ற இரண்டும் எங்கே விழுந்திருக்கின்றன என்று இனிமேல்தான் தெரியும்.

ஜூலை 6, காலை 10:30

ஒரு மணி நேரம் வீணாகப் போனது. உங்களுக்குப் போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

இஎக்ஸ்டி4 தன் சூப்பர்பிளாக்கை ஓர் இடத்தில் மட்டும் வைப்பதில்லை. 4 கேபி பிளாக் என்றால் 32768, 98304, 163840, 229376 என்று பல இடங்களில் நகல் வைத்திருக்கும். எஃப்எஸ்சிகேயிடம் "இந்த நகலை எடுத்துக்கொள்" என்று எண்ணைச் சொன்னால் போதும். சொன்னேன். "மேஜிக் நம்பர் சரியில்லை" என்றது, அதாவது சூப்பர்பிளாக்குக்குரிய அடையாள எண் அங்கே இல்லை. அடுத்த எண்ணுக்கும் அதே பதில். நாலாவது எண்ணிலும் அதே பதில் வந்ததும் வயிற்றைப் பிசைந்தது. எல்லா நகலுமே போய்விட்டதா?

போகவில்லை. நான் தேடிய இடம்தான் தப்பு. பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தில் கோப்பு முறைமை தொடங்குவதில்லை, நடுவில் ரெய்டின் குறிப்பு உட்கார்ந்திருக்கிறது. எக்ஸாமின் வெளியீட்டில் 'டேட்டா ஆஃப்செட்' என்ற வரியில் எனக்கு 262144 செக்டர் என்று இருந்தது. 512-ஆல் பெருக்கினால் 134217728 பைட். அவ்வளவு தள்ளி லூப் டிவைஸ் (கோப்பை டிஸ்க் போலக் காட்டுவது) போட்டதும் 32768-லேயே மேஜிக் நம்பர் கிடைத்துவிட்டது. அவினாசி நண்பர் "ஆஃப்செட் பார்த்தீர்களா" என்று ஒரே வரியில் கேட்டிருந்தார், அந்த ஒரு வரிக்கு நன்றி.

இன்னொன்று. நகல் இருக்கும் எண்கள் தெரியாவிட்டால் ஃபார்மேட் செய்யும் கட்டளையான எம்கேஎஃப்எஸ்ஸை 'என்' சேர்த்து ஓட்டினால் பட்டியல் தரும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரிதான். ஆனால் அந்த 'என்' விட்டுப்போனால் டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிடும். இரவு முழுக்கத் தூங்காத ஆள் அந்தக் கட்டளையைத் தட்ட வேண்டாம்.

ஜூலை 6, மாலை 3:40

ஓவர்லே எப்படிப் போட்டாய் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். படக்கோப்பை எழுத முடியாதபடி திறந்து, அதன் மேல் டிவைஸ் மேப்பரில் ஒரு ஸ்னாப்ஷாட் போட்டேன். படிக்கும்போது கீழே இருக்கும் படம் தெரியும், எழுதுவதெல்லாம் தனியாக வேறொரு கோப்பில் சேரும். கோலப்பலகை மேல் மெழுகுத்தாள் விரித்து வரைகிற மாதிரி. பிடிக்கவில்லை என்றால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வரையலாம். இந்த வசதி கையில் இருக்கும்போதுதான் 'ஒய்' போட்டு ஓட்ட எனக்குத் தைரியம் வந்தது. முதலில் எழுதாமல் வெறுமனே பார்க்கும் ஓட்டம், அதைப் படித்துவிட்டு நிஜ ஓட்டம்.

ஐந்து சுற்று. முதலில் ஐனோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோல்டருக்கும் உரிய விவரக் குறிப்பு), அப்புறம் ஃபோல்டர் அமைப்பு, பிறகு ஃபோல்டர்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா, பிறகு எத்தனை இடத்திலிருந்து யார் யாரைச் சுட்டுகிறார்கள், கடைசியாகக் காலி இடக் கணக்கு. இரண்டாவது கெட்ட கட்டம் எங்கே இருந்தது என்று இங்கே தெரிந்தது: ஐனோடு பட்டியலில். ஓர் ஐனோடுக்கு 256 பைட் என்றால் 4096-ல் பதினாறு ஐனோடு. அந்தப் பதினாறில் ஒன்று, நூல் டெஸ்ட் ரிப்போர்ட் இருந்த ஃபோல்டருடையது. ஃபோல்டர் போனதும் உள்ளே இருந்த 312 கோப்பும் அப்பன் ஆத்தா இல்லாத பிள்ளைகளாக நின்றன. நாலாவது சுற்றில் அவற்றையெல்லாம் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்ற ஃபோல்டருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. கோப்பு நலமாக இருக்கிறது, பெயர்தான் இல்லை. பெயருக்குப் பதில் ஒரு ஹேஷ் குறியும் ஐனோடு எண்ணும்.

மற்ற பதினைந்து ஐனோடுக்குரிய கோப்புகள் போனது போனதுதான். அவற்றில் எவை எவை என்று பிறகு பார்க்க வேண்டும்.

ஜூலை 6, மாலை 6:10

பெயர் கண்டுபிடிக்க வழி கிடைத்துவிட்டது, எனக்கு இதில் இருக்கும் சந்தோஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நேற்றுக் காலையில் என்னை ஏமாற்றிய இரண்டாவது டிஸ்க் இருக்கிறதே, அது மார்ச் 12 வரை இதே கோப்பு முறைமையின் அச்சு அசல். அப்படியென்றால் ஐனோடு எண்களும் அதேதான்! அந்த டிஸ்க்கை எழுத முடியாதபடி மவுண்ட் செய்து, டெஸ்ட் ரிப்போர்ட் ஃபோல்டரை ஐனோடு எண்ணோடு பட்டியல் எடுத்தேன். லாஸ்ட் அண்ட் ஃபவுண்டில் இருக்கும் எண்ணையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெயர் தானாக விழுகிறது. கோப்பின் அளவும் ஒத்துப்போகிறதா என்று சேர்த்துப் பார்த்தேன், ஏனென்றால் பழைய கோப்பை அழித்துவிட்டால் அதே எண் வேறு கோப்புக்குப் போயிருக்கலாம். 274-க்குப் பெயர் கிடைத்தது. மீதி 38 மார்ச்சுக்குப் பிறகு வந்தவை, திறந்து பார்த்து லாட் நம்பரை வைத்துப் பெயர் போட்டேன். போன பதினைந்தில் ஒன்பது கோப்பு பழைய டிஸ்க்கிலேயே இருந்தன.

ஜூலை 6, இரவு 11:55

மூன்றாவது கட்டம் வருகைப் பதிவு டேபிளில். டேட்டாபேஸ் நிரலான மைஎஸ்க்யூஎல் சாதாரணமாகத் தொடங்கியது, அந்த டேபிளைத் தொட்டதும் விழுந்தது. அதன் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியின் ஃபோர்ஸ் ரெகவரி என்ற அமைப்பை 1 என்று வைத்துத் தொடங்கி, கெட்ட பக்கத்தைத் தாண்டி மீதியை டம்ப் (வெளியே இறக்கிய நகல்) எடுத்துவிட்டேன். இந்த எண் 6 வரை போகும். 4-ம் அதற்கு மேலும் டேட்டாவையே கெடுத்துவிடக்கூடியவை, 1-ல் வேலை முடிகிறது என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். எடுத்த டம்ப்பைப் புதிதாக நிறுவிய டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும், பழையதையே ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

காணாமல் போனது ஜூன் 12 முழுவதும், 13-ல் கொஞ்சம். சம்பள மாதத்தின் நடுவிலேயே விழுந்திருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு, மாலை 5:30

சம்பளம் போட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எப்படி என்று கேட்காதீர்கள், நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து எல்லா நாளும் எல்லா நேரமும் ஓடுகிறது.

ஜூன் 12, 13-ஐ எப்படிப் பிடித்தோம் என்றால், வாசலில் இருக்கும் கைரேகை மெஷின் தனக்குள்ளேயும் பதிவு வைத்திருந்தது. அதைப் பென் டிரைவில் இறக்கினேன். அப்புறம் டைம் ஆபீஸ் அக்கா தன் மேஜை இழுவையிலிருந்து ஒரு நீட்டு நோட்டை எடுத்துப் பிரித்தார். கம்ப்யூட்டர் வந்து எத்தனை வருடம் ஆனாலும் அவர் மஸ்டர் (வருகைப் பேரேடு) எழுதுவதை நிறுத்தவில்லை. வரிசையாகப் பெயர், ஷிப்டுக்கு ஓர் எழுத்து, ஊருக்குப் போனவர்களுக்குச் சிவப்பு மையில் ஒரு சுழி. மெஷினில் வராத நாலு பேர் அந்த நோட்டில் இருந்தார்கள். கோன் வைண்டிங்கில் வேலை செய்யும் பெண்கள், நூல் ஓடி ஓடி விரல் ரேகை தேய்ந்து மெஷின் அவர்களை அடிக்கடி ஏற்காது. "அதுக்குத்தானுங் தம்பி நான் எழுதி வெக்கறது" என்றார். அந்த நோட்டு இல்லையென்றால் நாலு பேருக்கு ஒரு நாள் சம்பளம் போயிருக்கும், அவர்களில் ஒருவராவது வந்து கேட்கக் கூச்சப்பட்டிருப்பார்.

அந்த நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மாதக் கடைசியில் போனில் படம் எடுத்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.

ஜூலை 9, செவ்வாய், இரவு 9:15

ஏன் நடந்தது என்று இரண்டு நாளாகத் தோண்டினேன்.

முதல் டிஸ்க் வயதாகிப் போனது, அதில் வியப்பு இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது மார்ச் 12. சர்வரில் ரூட் பயனரின் அஞ்சல் பெட்டியைத் திறந்தேன். 115 மெயில். முதலாவது மார்ச் 12, மாலை 5:52: "டிஸ்க் கழன்றுவிட்டது." அதற்கடுத்த நாளிலிருந்து தினம் ஒன்று, "மிரர் ஒற்றை டிஸ்க்கில் ஓடுகிறது", மார்ச்சில் 19, ஏப்ரலில் 30, மேயில் 31, ஜூனில் 30, ஜூலையில் 4. ஒரு நாள் விடாமல் அந்த நிரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மெயில் சர்வரை விட்டு வெளியே போகும்படி அமைக்கப்படவில்லை, அதனால் யாரும் படிக்கவில்லை. அமைத்திருக்க வேண்டியது நான்.

மார்ச் 12 என்ன நடந்தது என்று என் டைரியைப் பார்த்தேன். "சர்வர் கிளீனிங்" என்று என் கையெழுத்தே இருக்கிறது. மில்லில் பஞ்சுத் தூசி புகாத இடம் கிடையாது. அன்று கேபினெட்டைத் திறந்தபோது முன் ஃபேன் வலையில் கம்பளி ஒட்டியது போலச் சாம்பல் நிறத்தில் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது, பிய்த்தால் அப்படியே வட்டமாக உரிந்து வந்தது. அதை எடுத்துவிட்டு உள்ளே கம்ப்ரசர் காற்றை அடித்தேன், மெஷின்களுக்கு அடிக்கும் அதே ஏர் கன். சர்வரை அணைக்காமல் அடித்தேன். இரண்டாவது டிஸ்க்கின் சாட்டா கேபிள் பூட்டுக் கொக்கி இல்லாத பழைய வகை. காற்று அதை அரை மில்லிமீட்டர் நகர்த்தியிருந்தால் போதும். ஸ்மார்ட்டில் 199-வது வரி, கேபிள் வழியே வரும் தகவல் பிழையை எண்ணுவது, அந்த டிஸ்க்கில் 1,204. டிஸ்க் நலமாக இருக்கிறது, அதன் 197 பூஜ்யம். கெட்டிருந்தது கேபிள் இணைப்பு மட்டும்.

முதலாளியிடம் இதை நேராகச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கார்டிங் மெஷினையே நிறுத்திட்டுத்தானுங்களே ஏர் அடிக்கறோம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 13, சனி, மாலை 7:00

முதல் நாள் நான் மனதில் வைத்திருந்த ஒரு நம்பிக்கையைத் திருத்திக்கொள்கிறேன். ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு) இருப்பதால் கரண்ட் போனால் கோப்பு முறைமைக்கு ஒன்றும் ஆகாது என்று இத்தனை வருடம் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். ஜர்னல் காப்பது அமைப்பைத்தான். இஎக்ஸ்டி4-ன் வழக்கமான நிலையில் கோப்புக்குள் இருக்கும் தகவல் ஜர்னலில் எழுதப்படுவதில்லை. அதோடு ஜர்னலும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, டிஸ்க் ஒரு கட்டத்தைப் படித்துக் கொடுக்க மறுத்தால் ஜர்னல் என்ன செய்யும்.

கோபியிலிருந்து கேட்டவருக்கு: உங்கள் சர்வரில் இஎக்ஸ்டி4-க்குப் பதில் எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை என்றால் மேலே சொன்ன கட்டளைகள் பொருந்தாது. எக்ஸ்எஃப்எஸ் சிலிக்கான் கிராஃபிக்ஸ் 1993-ல் தங்கள் கம்ப்யூட்டர்களுக்காகத் தொடங்கியது, 2001-ல் லினக்ஸுக்கு வந்தது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 முதல் அதுவே இயல்பான தேர்வு, அதனால் உங்களுக்குத் தெரியாமலேயே அது வந்திருக்கலாம். அதற்கு எஃப்எஸ்சிகே ஓட்டினால் ஒன்றுமே செய்யாமல் வெற்றி என்று திரும்பிவிடும், அதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் என்று தனியாக உண்டு. அது பதிவேட்டில் பாக்கி இருக்கிறது என்று மறுத்தால், மவுண்ட் செய்து இறக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பெரிய 'எல்' போட்டுப் பதிவேட்டைத் துடைப்பது கடைசி வழி, துடைத்தால் கடைசி நேர மாற்றங்கள் போய்விடும். டிஸ்க்கைப் படம் எடுத்து வைப்பது மட்டும் எதற்கும் பொது.

எஸ்எஸ்டி பற்றிக் கேட்டவருக்கு: படம் எடுக்கும் முறை அதேதான். ஆனால் ட்ரிம் (அழித்த கோப்பின் இடத்தை எஸ்எஸ்டியிடம் காலி என்று சொல்லும் வேலை) ஓடியிருந்தால் அழித்த கோப்பு திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஜூலை 21, ஞாயிறு, பகல் 11:20

ஆடி பிறந்து காற்று இன்னும் குறையவில்லை. இந்த வாரம் மட்டும் நாலு தடவை கரண்ட் இமைத்தது. யுபிஎஸ் பேட்டரியை எலக்ட்ரீசியன் அண்ணன் எடுத்துப் பார்த்தார், ஐந்து வருடப் பேட்டரி, லோடு கொடுத்ததும் படுத்துவிட்டது. மாற்றிவிட்டோம். யுபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு யுஎஸ்பி கேபிளும் இழுத்து, பேட்டரி பாதிக்கு வந்தால் சர்வர் தானே முறையாக அணையும்படி செய்தாகிவிட்டது.

இரண்டு டிஸ்க்கும் புதியவை, கொக்கி வைத்த கேபிள். இரவு ஒரு மணிக்கு டேட்டாபேஸ் டம்ப் எடுத்து, மில்லுக்கு வெளியே ஓர் இடத்துக்கும் ஒரு நகல் போகிறது. நேற்று அந்த நகலிலிருந்து வேறொரு கம்ப்யூட்டரில் டேட்டாபேஸை எழுப்பி, அக்காவை உட்கார வைத்து ஜூன் மாத மஸ்டரோடு ஒப்பிடச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார்.

இன்று மில் லீவு என்பதால் மிரரையும் சோதித்தேன். ஒரு டிஸ்க்கைக் கெட்டது என்று கட்டளை கொடுத்துக் கழற்றினேன். நிலையைப் பார்த்தால், டிஸ்க் நலம் என்று காட்டும் 'யூ' இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 'யூ'வும் ஒரு கோடும். நாலு மாதம் இப்படித்தான் இருந்திருக்கிறது, நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் என் போனில் மெயில் வந்தது. பக்கத்தில் நின்ற எலக்ட்ரீசியன் அண்ணன் போனிலும் வந்தது, முதலாளி வீட்டிலிருந்து கூப்பிட்டு "என்னங் தம்பி, மறுபடியுங்களா?" என்றார். சோதனை என்று சொன்னேன். டிஸ்க்கைத் திரும்பச் சேர்த்தேன். எந்தெந்த இடம் மாறியது என்ற பிட்மேப் இருப்பதால் விடுபட்டதை மட்டும் நகல் எடுத்துச் சில நொடியில் முடித்துவிட்டது. இரண்டு 'யூ'.